வாத்தியாருக்கு வயது 22

மே மாதம் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு கல்லூரியில் பட்டம் வாங்கிய அமெரிக்கப் பெண், ஆகஸ்ட் கடைசியில் ஜப்பானின் ஏதோ ஒரு சின்ன ஊர் நடுநிலைப் பள்ளியில் சாக்பீஸோடு நிற்கிறாள். எதிரே முப்பத்தைந்து பிள்ளைகள். அவளுக்கும் அவர்களுக்கும் எட்டு, ஒன்பது வயதுதான் வித்தியாசம். ஜப்பானிய மொழியில் அவளுக்குத் தெரிந்தது பத்து வார்த்தை. ஆங்கிலத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம். பக்கத்தில் நிற்கும் ஜப்பானிய ஆங்கில ஆசிரியருக்கோ, 'இன்றைக்கு இந்தப் பெண்ணோடு ஆங்கிலத்திலேயே பேச வேண்டுமே' என்று உள்ளூர உதறல்.

1987-லிருந்து வருஷா வருஷம் நடக்கிற சங்கதி இது. 'ஜப்பான் எக்ஸ்சேஞ்ச் அண்ட் டீச்சிங்' என்ற அரசுத் திட்டம், சுருக்கமாக ஜெட். முதல் வருஷம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று நாலே நாடுகளிலிருந்து 848 பேர் வந்தார்கள். இதுவரை வந்து போனவர்கள் 75,000 பேருக்கும் மேல். வேலையின் பெயர் 'அசிஸ்டன்ட் லாங்வேஜ் டீச்சர்', அதாவது துணை ஆசிரியர். எல்லாரும் சொல்வது ஏ.எல்.டி.

தகுதி என்ன தெரியுமா? ஏதாவது ஒரு பட்டம். புவியியல் படித்திருக்கலாம், இசை படித்திருக்கலாம், கணக்குப் படித்திருக்கலாம். ஆசிரியர் பயிற்சி கட்டாயமில்லை. ஜப்பானிய மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வேலை என்றதுமே 'பி.எட். இருக்கா?' என்று கேட்கிற நமக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் ஜப்பான் தேடியது தேர்ந்த ஆசிரியரை அல்ல. அப்போது நகசோனே பிரதமர். அமெரிக்காவோடு வர்த்தகத் தகராறு உச்சத்தில் இருந்த நேரம். 'ஜப்பான்காரன் கார் விற்பான், டி.வி. விற்பான், வெளி ஆளை உள்ளே விடமாட்டான்' என்று உலகம் முணுமுணுத்தது. அதற்குப் பதிலாகத்தான், கிராமத்துப் பிள்ளைகூட ஒரு வெளிநாட்டு முகத்தைத் தினமும் பார்த்துப் பழகட்டும் என்று இளைஞர்களை வரவழைத்தார்கள். ஆங்கிலம் பாதி, பழக்கம் மீதி.

அதனால்தான் ஊரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. விருப்பம் எழுதிக் கொடுக்கலாம். டோக்கியோ என்று எழுதினவர்களில் பலருக்குக் கிடைப்பது, வரைபடத்தில் விரல் வைத்துத் தேட வேண்டிய மலையோரமோ மீன்பிடி துறைமுகமோதான். சம்பளம் கொடுப்பது அந்த ஊர்க் கல்வி வாரியம். திட்டத்துக்கு வருகிறவர்கள் முதல் நாளிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போகும் வாசகம் ஒன்று உண்டு: 'ஒவ்வொருவர் நிலைமையும் வேறு.' ஒருவருக்கு ஒரே பள்ளி, இன்னொருவருக்கு ஏழு பள்ளி. ஒருவருக்கு வாடகை சலுகை, இன்னொருவருக்கு முழு வாடகை. எதைக் கேட்டாலும் இதே பதில்தான்.

செருப்பு, முத்திரை, மிட்டாய்

போய் இறங்கியதும் பாடம் நடத்தப்போவது அவள் இல்லை, அவளுக்குத்தான் பாடம். பள்ளிக்குள் போக தனிச் செருப்பு. வாசலில் அலமாரி இருக்கும், வெளிச் செருப்பை அதில் வைத்துவிட்டு உள்செருப்பை மாட்ட வேண்டும். வங்கிக் கணக்குத் தொடங்கக் கையெழுத்து போதாது. பெயர் பொறித்த சின்ன முத்திரை வேண்டும் என்று பல ஊர்களில் கேட்பார்கள். ஊரிலிருந்து வரும்போது ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரி தனித்தனியாகச் சுற்றிய மிட்டாயோ பிஸ்கட்டோ கொண்டுவர வேண்டும். இந்தச் சின்ன மரியாதையைத் தெரிந்துகொண்டு வந்தவருக்கு முதல் வாரம் பாதி சுலபம். விருந்தாளி வெறுங்கையோடு வரக்கூடாது என்பது நமக்குப் புரிகிற விஷயம்தான். மற்றவர்கள் ஒரு லீவு முடிந்து திரும்பும்போதுதான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஜப்பானில் ஆசிரியர்களுக்கு வகுப்பு வகுப்பாகத் தனி அறை கிடையாது. பெரிய ஸ்டாஃப் ரூமில் மேஜைகளை ஒட்டி ஒட்டிப் போட்டிருப்பார்கள். தலைமாட்டில் துணைத் தலைமை ஆசிரியர். யார் எப்போது வந்தார், எப்போது போனார் எல்லாம் தெரியும். பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டாலும் ஏ.எல்.டி.க்கு விடுமுறை இல்லை. பாடமும் இருக்காது, வேலையும் இருக்காது. மேஜைக்குக் காவல் இருக்க வேண்டும். அந்த நாட்களில் ஜப்பானிய எழுத்துகளைப் படித்து உருப்படியாக்கிக் கொண்டவர்களும் உண்டு. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

மதியச் சாப்பாடு வகுப்பறையிலேயே. வெள்ளைக் குல்லா போட்ட பிள்ளைகள் முறை வைத்துப் பரிமாறுவார்கள். ஆசிரியருக்கும் அதே தட்டு, அதே சோறு, அதே மீன், அதே பால். பிறகு துப்புரவு நேரம். பிள்ளைகளே துணியை நனைத்துத் தரையைத் துடைப்பார்கள், கழிவறையையும் கழுவுவார்கள். ஏ.எல்.டி.யும் கூடச் சேர்ந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டால், அன்றைக்குப் பேசுகிற பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும். வகுப்பில் வாய் திறக்காத பையன் துடைப்பத்தோடு நிற்கும்போது திறப்பான்.

சின்ன ஊரில் ரகசியம் தங்காது. சூப்பர் மார்க்கெட்டில் டீச்சர் எத்தனை ஐஸ்கிரீம் வாங்கினார் என்று மறுநாள் வகுப்பே சொல்லும். நத்சுமே சொசெகி 1906-ல் எழுதிய 'போச்சான்' நாவலின் நாயகனும் புதிதாகப் படிப்பு முடித்துக் கிராமத்துக்கு வருகிற வாத்தியார்தான். டோக்கியோ பையன், கணக்கு வாத்தியார். கடையில் நாலு கிண்ணம் டெம்புரா நூடுல்ஸ் சாப்பிடுவான். மறுநாள் அவன் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே கரும்பலகையில் அந்தச் செய்தி இருக்கும். சொசெகியே 1895-ல் மத்சுயாமாவில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். நூறு வருஷத்துக்கு அப்புறமும் கரும்பலகை மாறவில்லை.

'மிருகு' குடிக்கிறீர்களா?

முதல் வகுப்பு எப்போதும் சுய அறிமுகம்தான். பெயர், ஊர், குடும்பப் படம், வளர்க்கும் நாய். ஐந்து பள்ளி, பள்ளிக்கு நாலு வகுப்பு என்றால் அதே நாயை இருபது தடவை அறிமுகப்படுத்த வேண்டும். அடுத்து கேள்வி நேரம். பெண் பிள்ளைகள் 'பாய் ஃபிரண்ட் இருக்கிறாரா?' என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள். பெரியவர்கள் 'குச்சியால் சாப்பிடத் தெரியுமா?' என்று கேட்பார்கள். 'ஹௌ ஆர் யூ?' என்றால் வகுப்பு முழுக்க ஒரே குரலில் 'ஐ'ம் ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ?' காய்ச்சலில் சுருண்டு கிடக்கிற பையனும் அதையே சொல்வான்.

பிரச்சினை எங்கே என்று அப்போது புரியும். பிள்ளைகள் மக்கு இல்லை. அவர்கள் ஆங்கிலம் படிப்பது நுழைவுத் தேர்வுக்கு. இலக்கணம் கரைத்துக் குடித்திருப்பார்கள். ஆக்டிவ் வாய்ஸை பேஸிவ் வாய்ஸாக மாற்றியே வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேசச் சொன்னால் மௌனம். ஒரு வார்த்தை தப்பாகி நாலு பேர் சிரித்துவிட்டால்? அந்தப் பயம்.

ஏ.எல்.டி.யின் பங்கு சில வகுப்புகளில் பாடப்புத்தகத்தை உரக்கப் படிப்பதோடு முடிந்துவிடும். 'ரிப்பீட் ஆஃப்டர் மீ.' மனித டேப் ரிக்கார்டர் என்று தங்களையே கேலி செய்துகொள்வார்கள். இன்னும் சில வகுப்புகளில் ஜப்பானிய ஆசிரியர் 'நீங்களே நடத்துங்கள்' என்று மொத்தமாக ஒப்படைத்துவிட்டு ஓரமாக நிற்பார். அங்கேதான் 22 வயதுக்கு வியர்க்கும். இங்கே ஏன் 'தி', அங்கே ஏன் 'எ' என்று ஒரு பிள்ளை கேட்பான். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசியவளுக்குப் பதில் தெரியாது. 'அப்படித்தான் சொல்வோம்' என்பது பதிலாகாது. நம்மிடம் யாராவது 'மரம்' எப்படி 'மரத்தை' ஆயிற்று, 'மரமை' ஏன் ஆகவில்லை என்று கேட்டால் எத்தனை பேர் சட்டென்று சொல்வோம்?

உச்சரிப்புதான் பெரிய மலை. ஜப்பானிய மொழியில் 'ல' என்று தனி ஒலி கிடையாது. 'ர'வுக்கும் 'ல'வுக்கும் இடையில் ஓர் ஒலி, இரண்டுக்கும் அதுவே. ஆகவே ரைஸும் லைஸும் ஒன்றுதான். ஒன்று சோறு, இன்னொன்று பேன். 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லி அடுத்த தெருக்காரரைக் கேலி செய்கிற நமக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை.

இன்னொன்று, வார்த்தை மெய்யெழுத்தில் முடிவது அவர்கள் நாக்குக்கு ஆகாது. 'ன்' மட்டும்தான் விதிவிலக்கு. மற்ற இடங்களில் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். மில்க் அவர்களுக்கு 'மிருகு', ஐஸ்கிரீம் 'ஐசுகுரீமு'. 'பஸ்ஸு வந்திருச்சு, காரு நிக்குது' என்கிற நாம் தூரத்துச் சொந்தக்காரர்கள் போலத்தான் தெரிகிறோம். மெக்டொனால்ட் கடை அங்கே 'மகுடொனருடோ'. ரொனால்ட் என்ற பெயர் சொல்லக் கஷ்டம் என்பதால் அந்தக் கடையின் சிவப்பு முடிக் கோமாளிக்கே ஜப்பானில் டொனால்ட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

வாக்கிய அமைப்பிலும் இதே கதை. 'வதஷி வ கக்கோ நி இகிமசு.' நான், பள்ளிக்கு, போகிறேன். வார்த்தைக்கு வார்த்தை தமிழ் வரிசை. வினை கடைசியில், வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால், 'எ' 'தி' கிடையவே கிடையாது. பேராசிரியர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் இரத்த உறவே உண்டு என்று வாதாடினார். மொழியியல் அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அது கிடக்கட்டும். ஜப்பானியப் பிள்ளை ஆங்கில வாக்கியத்தில் எங்கே தடுக்கி விழும் என்பது, ஓஹையோவில் பிறந்தவரைவிடத் திண்டுக்கல்லில் ஆங்கிலம் கற்றுக்கொண்டவருக்குச் சீக்கிரம் தெரியும். ஏனென்றால் அவரும் அதே இடத்தில் விழுந்து எழுந்தவர்.

கம்பிக்குப் பின்னால் முதல் வகுப்பு

ஜப்பானில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்பித்த முதல் ஆளின் கதை, கிட்டத்தட்ட இதே வயதுக்காரருடையது. பெயர் ரனால்ட் மெக்டொனால்ட். கோமாளிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அப்பா ஸ்காட்லாந்து வியாபாரி, அம்மா அமெரிக்க மேற்குக் கரையின் சினூக் பழங்குடித் தலைவரின் மகள். ஜப்பான் வெளியாருக்குக் கதவைச் சாத்தியிருந்த காலம். அத்துமீறி வந்தால் உயிருக்கே உத்தரவாதமில்லை. 1848-ல், 24 வயதில், திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து ஒரு சின்னப் படகில் தனியாக இறங்கினார். கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவன் போல நடித்து, வடக்கே ரிஷிரி தீவில் போய்ச் சேர்ந்தார்.

பிடித்தார்கள். நாட்டின் தென்மேற்குக் கோடியிலிருக்கும் நாகசாகிக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். அங்கே ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்கள் 14 பேர் அவரிடம் பாடம் கேட்டார்கள். அவர்களுக்கு டச்சு மொழி தெரியும், ஆங்கிலம் தெரியாது. மரக்கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மாணவர்கள், இந்தப் பக்கம் வாத்தியார். அவர்கள் வாசிப்பார்கள், இவர் உச்சரிப்பைத் திருத்துவார். 'ல' வரவில்லை, 'ர'தான் வருகிறது என்று அவரும் குறித்து வைத்திருக்கிறார். 1849 ஏப்ரலில் ஒரு அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து அவரை அழைத்துப் போயிற்று. மாணவர்களில் ஒருவர் மொரியாமா எய்னோசுகே. ஐந்தே வருஷத்தில் அமெரிக்கத் தளபதி பெர்ரி கப்பல்களோடு வந்து ஜப்பானோடு உடன்படிக்கை பேசியபோது, மொழிபெயர்ப்பாளராக நின்றவர்களில் முக்கியமானவர் அவர். சிறைக்கம்பி வழியே நடந்த பாடம் அங்கே போய்ச் சேர்ந்தது.

காசு விஷயம்

ஜெட்டில் முதல் வருஷச் சம்பளம் 2012-லிருந்து பல வருஷங்கள் 33.6 லட்சம் யென். அதாவது மாதம் 2.8 லட்சம். அண்மையில்தான் உயர்த்தினார்கள். விமானக் கட்டணம் அவர்களுடையது. சாதாரணமாக ஒரு வருஷ ஒப்பந்தம், நீட்டித்தால் அதிகபட்சம் ஐந்து வருஷம். கட்டிய ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை நாடு திரும்பியபின் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கல்விக் கடனோடு கல்லூரியை விட்டு வரும் அமெரிக்கப் பிள்ளைக்கு இது பெரிய வரம்தான். ஆனால் போனவுடன் முதல் சம்பளம் வரும்வரை கையில் காசு வேண்டும். வாடகை வீட்டுக்கு முன்பணம், திருப்பித் தராத 'நன்றிப் பணம்', குளிர்காலத்துக்கு மண்ணெண்ணெய் அடுப்பு என்று வரிசையாக வரும். வீடு முழுக்க வெப்பம் தருகிற வசதி அங்கே சாதாரணமாக இருக்காது. நல்ல பனியில் வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு.

இது அரசுத் திட்டத்தின் கதை. 2020-லிருந்து ஜப்பானில் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் முறையான பாடம். ஆள் தேவை அதிகம், செலவு செய்ய ஊராட்சிகளுக்கு மனமில்லை. ஆகவே பல கல்வி வாரியங்கள் தனியார் ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் ஆள் எடுக்கின்றன. அங்கே சம்பளம் குறைவு. பள்ளி இல்லாத மாதத்தில் இன்னும் குறைவு. அதே வகுப்பு, அதே வேலை, இரண்டு விதச் சம்பளம். நம் ஊர்க் கௌரவ விரிவுரையாளர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

தனியார் பேச்சுப் பயிற்சிப் பள்ளிகளில் என்ன நடக்கலாம் என்பதற்கு நோவா ஓர் உதாரணம். ரயில் நிலையத்துக்கு ஒன்று என்பதுபோல் நூற்றுக்கணக்கான கிளைகள், விளம்பரத்தில் ஒரு முயல் பொம்மை. 2007 அக்டோபரில் ஒரே நாளில் கதவு சாத்தியது. நாலாயிரம் பேருக்கு மேல் வெளிநாட்டு ஆசிரியர்கள் தெருவில் நின்றார்கள். சம்பளம் ஏற்கெனவே பாக்கி. வீட்டு வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரருக்குக் கட்டாமல் விட்டிருந்ததால், சிலருக்கு 'காலி செய்' என்று கடிதமும் வந்தது. தொழிற்சங்கம் ஒன்று 'பாடம் சொல்லித் தருகிறோம், சாப்பாடு கொடுங்கள்' என்று ஏற்பாடு செய்தது. வெளிநாட்டில் வேலை கொடுக்கிறவரே வீடும் கொடுத்தால், வேலை போகும் நாளில் கூரையும் சேர்ந்து போகும். ஒப்பந்தத்தில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகள் யாராவது யோசித்தால், ஜப்பானைவிடக் கொரியாவில் ஒரு குறிப்பான வாசல் இருக்கிறது. அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் விசா, ஆங்கிலம் தாய்மொழியான ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். ஆனால் 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் பயிற்சிச் சான்றும் உள்ள இந்தியர் பள்ளித் துணை ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க வழி திறந்தது. இங்கே மட்டும் பி.எட். கைகொடுக்கிறது. ஆன்லைனில் '120 மணி நேரச் சான்றிதழ்' என்று விற்பவை எல்லாம் ஒன்றல்ல. கேம்பிரிட்ஜின் 'செல்டா'வில் நிஜ மாணவர்களுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பாடம் நடத்தாமலே ஆசிரியர் என்று முத்திரை குத்துகிற சான்றிதழுக்குக் காசு கொடுக்கும்முன் யோசிக்கலாம்.

'டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் அடைபட்ட தமிழ் இளைஞர்களை 2022-ல் மீட்டு வந்தது மறந்திருக்காது. அவர்களும் பட்டம் வாங்கியவர்கள்தான்.

இஷினோமாகி

ஜப்பானில் இந்த வேலையைப் பற்றிப் பேசினால் ஒரு பெயர் வந்தே தீரும். டெய்லர் ஆண்டர்சன். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துப் பெண். பள்ளி நாட்களிலேயே ஜப்பானிய மொழி மேல் ஆசைப்பட்டுக் கற்றவர். 2008-ல் கல்லூரிப் படிப்பை முடித்தார், அந்த ஆகஸ்டிலேயே ஜெட் திட்டத்தில் வந்தார். மியாகி மாகாணத்தில் கடலோர நகரமான இஷினோமாகி கிடைத்தது. ஒரு பள்ளி அல்ல, பல பள்ளிகள். சைக்கிளில் போய் வருவார். பிள்ளைகளுக்கு 'டெய்லர் சென்செய்'. சென்செய் என்றால் ஆசிரியர்.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.46. பூமி குலுங்கியபோது ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்தார். பிள்ளைகளை வெளியே கொண்டுவந்து, பெற்றோர் வந்து அழைத்துப்போகும்வரை மற்ற ஆசிரியர்களோடு உடன் நின்றார். பிறகு தன் சைக்கிளில் வீட்டுக்குப் புறப்பட்டார். வழியில் கடல் வந்தது. அவருக்கு வயது 24. இன்னும் சில மாதங்களில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப வேண்டியவர்.

வடக்கே இவாதே மாகாணத்து ரிகுசென்தகாதாவில் இன்னொருவர், அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்து மான்டி டிக்சன், 26 வயது. அவரும் ஏ.எல்.டி.தான். அந்தச் சுனாமியில் இறந்ததாக அறியப்பட்ட அமெரிக்கர்கள் இந்த இருவர் மட்டுமே. இருவரும் ஊர்ப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள். அவர்கள் இருந்த ஊர்களில் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்தில் நின்றவர்களுக்கு இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை. 'சுனாமி' என்ற அந்த ஜப்பானியச் சொல்லை நாமும் அப்போதுதான் கற்றோம்.

மகளின் உடலோடு ஊர் திரும்பிய பெற்றோர் அவர் பெயரில் ஒரு நிதி தொடங்கினார்கள். டெய்லர் புத்தகப் பிரியர். ஆகவே அவர் பாடம் நடத்திய பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் கொடுப்பது என்று முடிவு. புத்தகம் வைக்க அலமாரி வேண்டும். இஷினோமாகியிலேயே ஒரு தச்சரிடம் சொன்னார்கள். அந்தச் சுனாமியில் அவருடைய மூன்று பிள்ளைகளும் போய்விட்டார்கள். டெய்லரிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகள். வேலையே வேண்டாம் என்று இருந்தவர் மறுபடி உளியை எடுத்தது இந்த அலமாரிக்காகத்தான். முதல் அலமாரி, டெய்லர் கடைசியாக நின்ற அந்தத் தொடக்கப் பள்ளிக்கே போயிற்று. 2011 செப்டம்பரில் அங்கே புத்தகங்கள் வந்து சேர்ந்தன. பிறகு ஒவ்வொரு பள்ளியாக.

அதற்கு ஒரு மாதம் முன்னால், வழக்கம்போல, அந்த வருஷத்துப் புது ஏ.எல்.டி.க்கள் பெட்டி படுக்கையோடு டோக்கியோவில் வந்து இறங்கியிருந்தார்கள்.

அலமாரி இருக்கும் மூலைக்குப் பள்ளிகளில் 'டெய்லர் புன்கோ' என்று பெயர். புன்கோ என்றால் சின்ன நூலகம். பெரும்பாலும் படக்கதைகள். ஜப்பானியப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி, பெரிய எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு வரி.